மூவாயிரம் வருஷமும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் என்று நினைக்கிறேன். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது என்ற திமிர் நிறையவே இருந்த காலம்.

கட்டிங் மேசையில் துணி விரிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்து, சுருக்கம் நீவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் கணியூர்க்காரர். என் வயசுதான். தங்கமான மனுஷன், வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவருவார். ஆனால் நாட்டுச் சரித்திரம் என்று பேச்சு வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் பேய் பிடித்துவிடும்.

பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் சரித்திரத்தையே மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கட்சி, இல்லை, இப்போதுதான் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. பேப்பரில் தினமும் இதே சண்டை. ஆட்சி மாறியதும் மாற்றியதைத் திரும்ப மாற்றப்போகிறார்கள் என்று வேறு செய்தி வந்தது. இந்த நாட்டில் முதலில் இருந்தது யார், பிறகு வந்தது யார் என்பதில்தான் எங்கள் மேசையில் போர். ஒரு கூட்டம் வெளியிலிருந்து வந்ததுதான் என்று நான் அடித்துப் பேசுவேன். அவர் விட மாட்டார். "வெளியிலிருந்து ஆருமே வரலீங்க மாஸ்டர். எல்லாரும் ஆதியிலிருந்தே இங்கதானுங்க" என்பார். நான் எட்டாவது. அவர் பத்தாவது பெயில். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி பேசுவோம். மற்ற மேசைக்காரர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, "உடாதீங்க மாஸ்டர்" என்று ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டால்தான் அடுத்து நடந்தது புரியும். ஒரே கலர்தான் என்றாலும், சாயப்பட்டறையில் ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் நிறம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஒரு தடவை போட்டு வருவது ஒரு லாட். விரிக்கும்போது ஒரு லாட் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற இடத்தில் குறுக்கே ஒரு பழைய செய்தித்தாளை வைப்போம். வெட்டி முடித்ததும், அந்தத் தாளைப் பார்த்துத்தான், துண்டுகளுக்கு எண் போடுகிற நம்பரிங் செக்‌ஷனில் லாட்டைப் பிரிப்பார்கள். சட்டையின் கை வேறு மேசையில் வெட்டி வரும். எந்த உடம்போடு எந்தக் கை சேர வேண்டும் என்பது அந்தத் தாளை வைத்துத்தான்.

எங்கள் நம்பரிங்கில் இருந்தவள் என் ஊர்ப் பக்கத்துப் பெண். புருஷன் தவறிவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. பாட்டில் கிரீன் துணி விரித்துக்கொண்டிருந்தோம். லாட் மாறுகிற இடம் வந்ததும் வைப்பதற்குத் தாளை எடுத்தேன். பார்த்தால் அதில் பாடப்புத்தகச் சண்டையைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை. அதுவும் என் கட்சிக்குத் தோதான கட்டுரை. விடுவேனா? சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். "அந்தப் பேப்பர்ல அப்புடித்தானுங்க போடுவாங்க" என்றார் அவர். நான் தாளை ஆட்டி ஆட்டிப் பேச, அவர் துணியை இழுத்துக்கொண்டே பதில் சொல்ல, அடுத்த லாட் மேலே ஏறிவிட்டது. தாள் என் அக்குளில் இருந்தது.

வெட்டி முடித்த பிறகும் வாய் ஓயவில்லை. அவள் வந்து பக்கத்தில் நின்றாள். "அண்ணாச்சி, இதுல தாளே இல்லையே. எல்லாம் ஒரே லாட்டா?" என்று கேட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதான், கொண்டு போ" என்று கையை வீசினேன்.

பத்து நாள் கழித்து, பேக்கிங் முடிந்து பெட்டி கட்டிய பிறகு சரக்கு வாங்குகிற பையர் தரப்பு ஆள் சோதிக்க வந்தார். டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. மனுஷன் நாலு பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை வாசலில் வெயிலுக்குக் கொண்டுபோனார். உடம்பு கரும்பச்சை, கை வெளிர்ந்த பச்சை. சரக்கு முழுதும் நின்றுவிட்டது.

மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். தாள் வைத்தீர்களா என்று முதலில் கணியூர்க்காரரைத்தான் கேட்டார். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "வெச்சுத்தானுங்க விரிச்சோம்" என்றார். அடுத்து நான். "ஆமா சார், வச்சோம்" என்றேன். இரண்டு வருஷமாக எதிலுமே ஒத்துப்போகாத நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அதற்குக் கண் இமைக்கிற நேரம்கூட எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அவள், "தாள் இல்ல சார்" என்றாள். "அப்ப அன்னைக்கே ஏனுங்க கேக்கல?" என்றார் மேனேஜர். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்டேன் என்று சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் தரையில் கிடந்த நூல் பிசிறைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சே!

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். தவறு எப்படி நடந்தது என்று பையருக்கு ரிப்போர்ட் போனது. காரணம், நம்பரிங் ஆளின் கவனக்குறைவு. எடுத்த நடவடிக்கை, ஆளை நீக்கியாகிவிட்டது. அவள் பெயர் அதில் இருந்தது.

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்குச் சாட்சி சொன்ன வாய், பத்து நாளைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடந்ததற்குத் திறக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன்; திட்டியிருந்தால் தேவலை. "வேல எங்கயாச்சும் கெடைச்சிரும் அண்ணாச்சி. ஆனா போற கம்பெனியில எல்லாம் அங்க போன் போட்டுல்லா கேக்காவ. அந்த ரிப்போட்டுல எழுதியிருக்கத மட்டும் மாத்தச் சொல்லுங்க. எம்பேர எடுத்தாப் போதும்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க மாஸ்டர், இப்ப வந்து சொல்றீங்க? ரிப்போர்ட்ட பையர் ஏத்துக்கிட்டாருங்க. இனி மாத்துனா, மொதல்ல சொன்னது பொய்னு ஆயிருமுங்க. போய் வேலையப் பாருங்க" என்றார். எத்தனை கெஞ்சியும் அந்த ரிப்போர்ட்டைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

சரி, ஆட்களாவது தெரிந்துகொள்ளட்டும் என்று டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். அங்கேதான் எனக்குச் சரியான அடி. ஒருத்தரும் அதிர்ச்சியடையவில்லை. கணியூர்க்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மாஸ்டருக்கு ஊர்ப்பாசமுங்க. அந்தப் புள்ளய எப்புடியாச்சும் உள்ள கொண்டாரணும்னு பாக்கறாரு" என்றார். தெற்கத்தி ஆட்கள் என் பக்கம், உள்ளூர் ஆட்கள் அவர் பக்கம். ஒரு வாரத்தில் சாயப்பட்டறையிலேயே லாட் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று மூன்றாவதாக ஒரு கதையும் கிளம்பிவிட்டது. நான் சொன்ன உண்மை, ஒரு கட்சியின் பேச்சாக ஆகிப்போனது. அவளைக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு அருள்புரத்தில் வேலை கிடைக்கவே இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திக் கூட்டிக்கொண்டு சோமனூரில் தறிக்குப் போய்விட்டாள் என்று லைன் வீட்டில் சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு ஒரு தடவை போனேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. "மாத்திட்டாவளா?" என்று மட்டும் வாயசைத்துக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். சரி என்று அவளும் தலையாட்டிவிட்டு, அறுந்த நூலை முடியப் போய்விட்டாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மேலும் ஆறு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். கணியூர்க்காரர் வேறு மேசைக்கு மாறிக்கொண்டார். எங்களுக்குள் பேச்சே இல்லை, சண்டையும் இல்லை. புதிதாக ஆட்கள் சேரும்போதெல்லாம் சூப்பர்வைசர் பாடம் எடுப்பார்: தாளைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா, முன்பு இங்கே நம்பரிங்கில் ஒரு பொம்பளை இருந்தாள், அவள் அசட்டையால் ஒரு ஆர்டரே போச்சு. நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வேன், "அது அவ இல்லப்பா, நான்." முதலில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மாஸ்டர் எப்போதும் இப்படித்தான் என்று யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்கள்.

இப்போதும் எங்காவது யாராவது நாட்டுச் சரித்திரத்தை வைத்துக் கட்சி கட்டிப் பேசினால் நான் எழுந்து போய்விடுகிறேன். தெம்பு இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவன் பிறகு எத்தனை வருஷம் கத்தினாலும், எழுதி வைத்த பொய்தான் அடுத்தவர்களுக்குப் பாடமாகப் போகிறது என்பதை, ஒரு பாவமும் அறியாத ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.