வாக்குச்சாவடி வரிசையில் நினைவுக்கு வந்த அடுப்பு

கம்பம் நகருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு தங்கம் அக்காவும் நானும் வேறு வேறு கட்சி. தேர்தல் வாக்குவாதம் முற்றியதில் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம்.

வாக்குப்பதிவன்று வரிசையில் பாதி தூரம் நகர்ந்த பிறகுதான், அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார். சொன்னேன்.

"சாவியக் குடு. அங்கன நான் பாத்துக்கிறேன். ஒன் ஓட்டு எங்களுக்கு விழாதுன்னு தெரியும். இருந்தாலும் போட்டுட்டு வா."

நான் ஓட்டுப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது பருப்புதான் கருகியிருந்தது. வீடு தப்பியது. அக்கா புகை போக ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் கிளம்புகிறேன். மாற்றுச் சாவி அக்கா வீட்டில் இருக்கிறது. அரசியலில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடுத்த தேர்தலுக்குச் சேர்ந்தே போவதாக இருக்கிறோம்.