மிச்சியோ வரைந்த நீர்நாய்

ஒசாகாவில் முட்டைக்கோசு அடை சுடும் கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து வீடியோ கேம் செய்தார்கள். மிச்சியோ அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கேமில் வரும் படத்துக்குத் தாளில் குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு கட்டம். அதற்குள் ஒரு உயிரைக் கொண்டுவர வேண்டும். அவள் கொண்டுவந்தாள். குடை பிடித்த நீர்நாய், பெயர் போன்தா. மீசைக்கு ஒரு கட்டம் போதாமல் பதினொரு நாள் அழித்து அழித்துப் போட்டாள்.

கேம் வெளிவந்தபோது அதில் யார் பெயரும் இல்லை. பெயர் போட்டால் அடுத்த கம்பெனிக்காரன் ஆளைத் தட்டிக்கொண்டு போய்விடுவான் என்று அந்தக் காலத்து முதலாளிகளுக்குப் பயம். ஊரெல்லாம் பிள்ளைகள் போன்தாவைக் குதிக்க வைத்தார்கள். அவளுக்கு அதுவே போதும் என்றிருந்தது.

கேமை விற்றது டோக்கியோவில் ஒரு பெரிய கம்பெனி. செய்வது நீங்கள், விற்பது நாங்கள் என்று இரண்டு பக்க ஒப்பந்தம். நீர்நாய் யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு வரி கிடையாது. முப்பத்து மூன்று வருடம் கழித்து அவர்கள், இவர்களைக் கேட்காமலே, புதுப் போன்தா கேம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். மிச்சியோவின் முதலாளி ஹதானகா வழக்குப் போட்டார்.

"ஜெயிச்சோம்னா புதுப் போன்தாவ நீதாம்மா வரையப்போற. உன் பேரு முதல்ல வரும்," என்றார்.

"இந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிய வச்சுக்கிட்டா, முதலாளி?"

"கட்டத்தப் பெருசாப் போட்டுத் தரேன், போ."

அவள் சிரித்தாள். ஆனால் அன்றே போய்ப் புதுக் கட்டத்தாளும் பென்சிலும் வாங்கிவிட்டாள். அவளுக்கு அவ்வளவு ஆசை.

கோர்ட்டில் டோக்கியோ வக்கீல் ஒரு பழைய கடிதத்தை எடுத்தார். படங்களின் நகலோடு அன்று டோக்கியோவுக்கு அனுப்பிய கடிதம். கையெழுத்து அழகு என்று முதலாளி தன் கடிதங்களை எல்லாம் மிச்சியோவைத்தான் எழுதச் சொல்வார். 'இச்சிறு பிராணி முழுதும் தங்கள் மேலான வழிகாட்டுதலால் பிறந்தது. நாங்கள் கையை அசைத்தது மட்டுமே' என்று இருந்தது. கீழே முதலாளியின் சிவப்பு முத்திரை; அங்கே கையொப்பத்துக்குப் பதில் அதுதான்.

அந்த ஊரில் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். விருந்து வைத்துவிட்டு ஒன்றுமே சமைக்கவில்லை என்பார்கள். அதை யாராவது நம்புவார்களா? கோர்ட்டில் நம்பினார்கள்.

"இது உங்க கையெழுத்துதானா?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

"எழுதினது உண்மையா?"

"அது மரியாதைக்கு எழுதறதுங்க."

"அப்பப் பொய்யின்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்."

மிச்சியோ முதலாளியைப் பார்த்தாள். எழுபத்தெட்டு வயது மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் முத்திரை வைத்ததைச் சபையில் பொய் என்று எந்த வாயால் சொல்வாள்?

"பொய்யின்னு இல்லீங்க," என்றாள்.

அவ்வளவுதான், வழக்கு சாய்ந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் முதலாளி, "பொய்யின்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா," என்றார்.

"உங்க முத்திரை இருந்துச்சே."

"முத்திரை கெடக்குது. படம் உன்னுதில்லியா?" இருவரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நீதிபதி சொன்னபடி சமரசம் ஆயிற்று. நீர்நாய் டோக்கியோவுக்கு. மூலப் படங்களையும் கொடுத்துவிட வேண்டும். வரைந்தது யார் என்று யாரும் எங்கேயும் சொல்லக்கூடாது. முதலாளி முத்திரை வைத்தார். மிச்சியோவும் வைத்தாள். யார் எதில் முத்திரை வைத்தால் என்ன, அந்த நீர்நாய் அவளுடையதுதான். அதை யாராலும் மாற்ற முடியாது.

படங்களைத் துணியில் சுற்றி அவளே ரயிலில் கொண்டுபோனாள். வாங்கிக்கொண்ட ஆபீஸ்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முதல் தாளைப் பார்த்ததும் கைக்குட்டையைத் தேடினாள்.

"சின்ன வயசுல எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நான் இதத்தாங்க வெளையாடிட்டிருந்தேன். மீசையப் பாருங்க, அழிச்ச தடம்கூட இருக்கு. இத வரைஞ்சவங்கள நீங்க பாத்திருக்கீங்களா?"

மிச்சியோ துணியை நான்காக மடித்தாள்.

"பாத்திருக்கேன்," என்றாள். "சின்னப் பொண்ணு. ரொம்ப நாளாச்சு."

"இப்பவும் வரையறாங்களா?"

"இல்லம்மா. விட்டுட்டா."