கலைஞ்சுதா, கலைச்சாளா?

1. அமைதியான டைப்

பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றின் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். புதுச்சேரி டவுனுக்குள் இருக்கிற சின்ன நர்சிங் ஹோம். ஓ.பி. சீட்டு போடுவது, டோக்கன் கொடுப்பது, டாக்டரம்மா கூப்பிடும்வரை வந்தவர்களை அழாமல், சண்டை போடாமல் உட்கார வைப்பது, இதுதான் வேலை. போன வருஷம் ரிட்டயர் ஆனேன். இப்போது அந்த நாற்காலியில் இருக்கிற பிள்ளைகள், "பிலோமிக்கா, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் ஒரு நாள் போயிருக்கும். எழுதச் சொன்னதால் சுருக்கமாக வருகிறது. பிழைத்தீர்கள்.

ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஸ்டாஃப் எல்லாருக்கும் ஒரு டிரெயினிங் வைத்தார்கள். சென்னையிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் வந்தார். ஆளுக்கு ஒரு பேப்பர் கொடுத்து, இது பர்சனாலிட்டி டெஸ்ட், நீங்கள் என்ன டைப் என்று இதிலேயே தெரிந்துவிடும் என்றார். புதியவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா, மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவீர்களா, இப்படியே கேள்விகள். நான் எட்டாவதோடு நின்றவள். பரீட்சை என்று ஒன்று வந்தால் நல்ல பேர் வாங்கியாக வேண்டும் என்று கை தானாக விறைத்துக்கொள்ளும். ஒரு நல்ல கவுன்ட்டர் அம்மா இதற்கு என்ன சொல்வாள் என்று யோசித்து யோசித்து டிக் அடித்தேன்.

ரிசல்ட்டை அந்தத் தம்பி சத்தமாகப் படித்தார். "பிலோமினா மேடம். அமைதியானவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்."

வாட்ச்மேன் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி கீழே விழுந்தது. லேபர் வார்டு நூர்ஜஹான் சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்று, "சார், அந்தப் பேப்பரை ஃப்ரேம் போட்டுக் குடுங்க. அக்கா வீட்டுக்காரருக்கு ஆறுதலா இருக்கும்" என்றாள். எங்கள் டாக்டரம்மா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எதையும் முடித்துவைக்க "போன்" என்பார். நல்லது என்று அர்த்தம். புதிதாக வருகிற பேஷன்ட் அதைக் கேட்டதும் செல்போனைத் தேடுவாள். அன்றைக்கும் அவர், "போன், இனிமே ஓ.பி. சீக்கிரம் முடியும்" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான். ஆனால் யார் மேல் கோபப்படுவது? டிக் அடித்தது என் கை.

2. டீ நேரத்து வக்கீல்

நான் மாதா கோயில்காரி. கருவைக் கலைப்பது பாவம் என்று சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் கற்றுக்கொண்டேன். பிறகு அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சட்டப்படி, டாக்டரம்மா பார்த்து முடிவு செய்து, அதுவும் நடக்கும். வருகிற பெண்கள் கவுன்ட்டரில் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார்கள். "நாள் தள்ளிப் போயிருக்குது, வேணாம்னு வந்திருக்கோம்" என்பார்கள். "சுத்தம் பண்ணணும்" என்பார்கள். நானும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவேன். டீ நேரத்தில்தான் என் கோர்ட் கூடும். இந்தக் காலத்துப் பெண்களுக்கு உயிரின் அருமை தெரியவில்லை என்று ஆரம்பித்தால் பிஸ்கட் தீரும்வரை ஓயமாட்டேன். நூர்ஜஹான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். "தீர்ப்பு ஆச்சாக்கா? டீ ஆறுது" என்பாள்.

டெஸ்ட் முடிந்த அதே வாரம் கவிதா வந்தாள். கருவடிக்குப்பத்துப் பெண். இடுப்பில் இன்னும் நடக்காத பெண் குழந்தை. அதுவும் சிசேரியன். தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று வந்து வந்து காட்டிக்கொண்டிருந்தவள், இப்போது மறுபடியும் நாள் தள்ளிப் போய் வந்திருக்கிறாள். புருஷன் விசைப்படகில் வேலை. அவனும் கூட வந்திருந்தான். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணித்தான் வந்தார்கள். பயம் ஒன்றே ஒன்றுதான், மாமியார்.

"எங்க அத்தைக்குப் பேரன் வேணும்க்கா. தெரிஞ்சா என்னைய எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டுக் கொழந்தைய வச்சிக்குவாங்க. தானா போயிடுச்சின்னுதான் சொல்லப் போறோம்" என்றாள். பிறகு என் கழுத்து ஜெபமாலையைப் பார்த்து, குரலை இறக்கிக் கேட்டாள். "நீங்க கோயிலுக்குப் போறவங்க. நான் செய்றது பாவமாக்கா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் வருஷக்கணக்காகப் பதில் தயாராக இருந்தது. எத்தனை டீ குடித்துத் தயார் பண்ணிய பதில்! அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. வாயில் வந்தது வேறு. "அதச் சொல்ற வேலைய எனக்குக் குடுக்கலம்மா. கொழந்தைய எங்கிட்டக் குடுத்துட்டு உள்ள போ."

அவள் திரும்பி வரும்வரை அந்தக் குழந்தை என் மடியில்தான் இருந்தது. டோக்கன் கட்டையைச் சப்பிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. அந்தப் பக்கம் போன நூர்ஜஹான், "என்னா வக்கீலம்மா, கட்சி மாறிட்டீங்களா?" என்றாள். மாறவில்லை என்றேன். அது உண்மை. உள்ளே நடப்பது பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவள் நல்லபடியாக வெளியே வரவேண்டும் என்று ஜெபமாலையும் உருட்டினேன். ரெண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த டை கட்டிய தம்பியின் பேப்பரில் இதற்கு டிக் அடிக்க இடமும் இல்லை.

3. தமிழில் ஒரு கேள்வி

மறுநாள் மாமியாரே வந்துவிட்டாள்.

பேர் அஞ்சலை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து டவுனில் விற்கிறவள். கூடையை வாட்ச்மேன் காலடியில் வைத்து, பூனை வந்தால் நீதான் பொறுப்பு என்று அவரை மிரட்டிவிட்டு, நேராக என் முன்னால் வந்து நின்றாள். என் வயசுதான் இருக்கும். மருமகள் பேரைச் சொன்னாள். நேற்று இங்கே வந்தாளா என்று கேட்டாள். இந்த மாதிரி விஷயத்தை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். பெற்ற தாயே வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது. அப்படித்தான் சொன்னேன்.

அவள் நகரவில்லை. "யம்மா, எம் புள்ள போன்ல அபார்ஷன்னு சொன்னான். தானா ஆனாலும் அபார்ஷன்தானாம், பண்ணிக்கிட்டாலும் அபார்ஷன்தானாம். அந்த இங்கிலீசு எனக்கு வாணாம். தமிழ்ல கேக்குறேன், தமிழ்ல சொல்லு. கலைஞ்சுதா, கலைச்சாளா?"

இத்தனை வருஷத்தில் கேஸ் ஷீட்டுக்குத் தோன்றாத கேள்வி. தானாக நடந்தால் ஒரு சொல், நாமாகச் செய்தால் ஒரு சொல். நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில் கவிதாவின் குடும்பமும், நேற்று என் மடியில் இருந்த குழந்தையும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலைஞ்சது என்றால் பொய். என் கணக்கில் அதுவும் பாவம். கலைச்சாள் என்றால் துரோகம். வாயை மூடிக்கொண்டு இருந்தாலோ, மீன்காரிக்குப் புரியாதா? செவுளைப் பார்த்தே எத்தனை நாள் மீன் என்று சொல்கிற கண் அது.

நான் பேச ஆரம்பித்தேன். வஞ்சிரம் விலையைக் கேட்டேன். முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன், அவள் காலைச் சாய்த்து நின்றது தெரிந்தது. எனக்கும் அதே முட்டி என்றேன். கோரிமேட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்த பஸ்ஸில் இறங்கினால் நடை மிச்சம் என்று சொன்னேன். அவளும் பதில் சொன்னாள். பேச்சு அப்படியே வளர்ந்து அவள் பேத்தியிடம் வந்தது. ராத்திரியெல்லாம் அழுகிறதாம். கவிதாவுக்குத் தையல் வலியாம், தூக்க முடியவில்லையாம். பாதிக்கு மேல் தானே எழுந்து தூக்கிக்கொண்டு நடப்பதாக அஞ்சலை சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். டாக்டரம்மாவின் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேட்டது ஒரு வார்த்த. நீ பேசுனது ஒரு கூடை" என்றாள். "ஆமா இல்லன்னு சொல்றவ இவ்ளோ பேசமாட்டா."

போச்சு என்று நினைத்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பால்சுறா நல்லதா வந்திருக்குது. புள்ள பெத்தவளுக்குத்தான் அதப் புட்டு வச்சிக் குடுப்போம். இவளுக்குக் குடுக்கலாமா?"

இதற்கு மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குடுங்கக்கா. பால் குடிக்கிற கொழந்த இருக்குது. ஒடம்பும் ரத்தம் போன ஒடம்பு. நல்லாக் குடுங்க."

"காரம் கொறச்சிதான் வைக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அஞ்சலை கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பூனை வரவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். வந்திருந்தால் உன்னைத்தான் எடை போட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நூர்ஜஹான் பக்கத்தில் வந்தாள். "அக்கா, உங்க வாய் கடை ஷட்டர் மாதிரி. சத்தம் கேட்டா மூடுதுன்னு அர்த்தம்" என்றாள். என் டைப் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பைசா செலவில்லாமல்.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கிற பிள்ளைகளுக்கு: உங்கள் நம்பிக்கையைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லமாட்டேன். நான் விட்டதில்லை. கோயிலில் முட்டி போடும்போது என் பழைய எண்ணம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பரீட்சைப் பேப்பருக்கு எழுதுகிற பதிலை எதிரில் நிற்கிற ஆளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது பாவமா, யார் செய்தது, யார் குற்றம் என்றுதான் இருக்கும். அவசரப்பட்டு அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டால், அவர்கள் கேட்க வந்த இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். அது வாயில் வருகிறவரை பேசிக்கொண்டிருங்கள். பேச வராதவர்கள் சும்மா இருங்கள், அதுவும் வேலைதான். அது வந்ததும் தாமதிக்காமல் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும்.