தண்ணிக்கரட்டு வேலப்பருக்கு ஒரு குடம் தண்ணீர்

போன ஆனி மாதம் ஸ்கூட்டரோடு விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் கட்டில், இரண்டு மாதம் வாக்கர், அப்புறம் கைத்தடி. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும். இருபது வருடமாகத் தனியாக ஊர் சுற்றி இந்த வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வாய் மட்டும் பழுதாகாமல் இருந்தது. அதனால் வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கம்பம் பக்கம் இருக்கும் தண்ணிக்கரட்டு வேலப்பரைப் பற்றிச் சொன்னார். மலைமேல் சுனை கிடையாதாம். வேண்டிக்கொண்டவர்கள் அடிவாரக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தோளில் சுமந்துபோய் அபிஷேகத்துக்குக் கொடுப்பார்களாம். கேட்டதும் எனக்குள் வீம்பு வந்துவிட்டது. “வேலப்பா, என்னை நடக்க வை. யார் தயவும் இல்லாமல் நானே ஒரு குடம் கொண்டுவந்து தருகிறேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

மாசிக் கார்த்திகை அன்று கிளம்பினோம். ‘கிளம்பினோம்’ என்று எழுதக் காரணம் என் நாத்தனார் செல்வி. என் வீட்டுக்காரரின் தங்கை. வத்தலக்குண்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் விழுந்த மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஐந்து மாதம் என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பெட்பேன் எடுத்து எல்லாம் செய்தாள். அதற்கப்புறமும் வாரம் தவறாமல் வந்துபோனாள். தனியாகத்தான் போவேன் என்று நான் அடம்பிடித்தபோது, “தனியாவே போங்க மதினி. நான் பின்னால வேற ஆள் மாதிரி வர்றேன்” என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

திண்டுக்கல்லில் காலை 5.40க்குக் கம்பம் பஸ். ஆளுக்கு 95 ரூபாய். வத்தலக்குண்டு தாண்டித் தேவதானப்பட்டி வரும்போது விடிந்துவிட்டது. தேனியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பஸ் ஸ்டாண்டு டீ 15 ரூபாய், நல்ல டீ. கம்பத்தில் இறங்கியபோது மணி 8.50. அங்கிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதற்கு நான் எட்டு மாதம் காத்திருந்தேன். கண் கலங்கியதைச் செல்வி பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஊரிலிருந்து அடிவாரம் நான்கு கிலோமீட்டர். ஆட்டோ 120 ரூபாய். ஓட்டியவர் சிக்கந்தர், உத்தமபாளையத்துக்காரர். குடத்துக்குப் போகிறோம் என்றதும் கேட்காமலே கோயில் கதையை ஆரம்பித்துவிட்டார்.

“முன்ன காலத்துல இங்கன வெள்ளாம பாக்குற சம்சாரி ஒருத்தர் இருந்தாக யக்கா. தெனம் ஆத்துல ஒரு கொடம் தண்ணி மோந்து மலைக்குக் கொண்டு போவாக. ஒத்த ஆளு! மழையோ காத்தோ, ஒரு நா தவறுனதில்ல. அடுத்த ஆளத் தொடவே விடமாட்டாக. அம்புட்டு வைராக்கியம். ஒருநா நட்ட நடு மலையில ஒரு வேடன் வந்து எதுக்க நின்னாக...”

அப்போது அவருடைய போன் அடித்தது. யாரோ சவாரிக்குக் கூப்பிட்டார்கள். பேசி முடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. “மிச்சத்த திரும்பி வரும்போது சொல்றேன் யக்கா. ஒன்றரைக்கு வந்துருவேன்” என்று போய்விட்டார். எனக்கு மிச்சம் தேவைப்படவில்லை. ஒற்றை ஆள், யாரையும் தொட விடாத வைராக்கியம். அடடா, இது என் கதையல்லவா என்று பூரித்துப் போனேன்.

கிணற்றடியில் செப்புக்குடங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாடகை இல்லை, மேலே கொடுத்துவிட வேண்டும். சின்னக் குடம் மூன்று லிட்டர் பிடிக்கும். டாக்டர் என்னிடம் “படி ஏறலாம், கனம் தூக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தார். மூன்று லிட்டர் கனமா என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கிணற்றடி அம்மா ஒரே ஒரு விதிதான் சொன்னார்: “தரையில வச்சிராதீக.”

மொத்தம் 386 படி, நானே எண்ணியது. 10.25க்கு ஏற ஆரம்பித்தோம். முதல் நூறு படி சுலபம். அதற்குமேல் படிகள் உயரம் அதிகம், கைப்பிடிக் கம்பி வலது பக்கம் மட்டும். வழியில் எங்குமே சுமைதாங்கிக் கல் இல்லை. குடம் சுமக்கும் மலையில் இதைக்கூட வைக்காமல் விட்டிருக்கிறார்களே என்று மனதுக்குள் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

நூற்றைம்பதாவது படியில் செல்வி, “குடுங்க மதினி, கொஞ்ச தூரம்” என்றாள். வேண்டாம் என்றேன். இருநூறில் மறுபடி கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். 250வது படிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அங்கே என் கால் லேசாக நடுங்கியது. உடனே அவள் கை குடத்துக்கு வந்துவிட்டது.

“விடு செல்வி! எட்டு மாசமா உன் கையையே பாத்துக்கிட்டுத்தான கெடந்தேன்? இன்னைக்கு ஒரு நாளாவது என்னைய மனுசியா இருக்க விடு!”

பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வியின் முகம் சுண்டிவிட்டது. “சரிங்க மதினி. நீங்க போங்க, நான் இங்கன உக்காந்திருக்கேன்” என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

11.10க்கு உச்சி. கீழே பச்சையும் தென்னையுமாகக் கம்பம் பள்ளத்தாக்கு, எதிரே கேரள மலைகள். என் காலில் நானே வந்து நிற்கிறேன்! வியர்வையும் கண்ணீருமாகக் குடத்தைப் பூசாரியிடம் நீட்டினேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், சட்டை இல்லாத மேலில் திருநீறு. குடத்தை வாங்கவில்லை.

“தோள் கொடுத்தது யாரும்மா?”

“யாரும் இல்லீங்க. நானே கொண்டு வந்தேன்” என்றேன் பெருமையாக.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “தோள் மாறாத தண்ணிய வேலப்பன் வாங்கமாட்டாகளே. கதை தெரியாதா?”

பாதிதான் தெரியும் என்றேன். மீதியைச் சொன்னார். நடுமலையில் எதிரே வந்த வேடன், “களைச்சுப் போயிருக்கீக, கொஞ்ச தூரம் நான் சுமக்கிறேன்” என்று கேட்டாராம். சம்சாரி கொடுக்கவில்லை. மேலே வந்து குடத்தைச் சாய்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. “தோள் தர்றேன்னு நாந்தான் வந்து கேட்டேன். நீ குடுக்கல. எனக்கெதுக்கு உன் தண்ணி?” என்று கருவறைக்குள்ளிருந்து குரல் வந்ததாம். அன்றிலிருந்து இந்த மலையில் சுமைதாங்கி கிடையாது. ஒரு தோளாவது மாறித்தான் குடம் மேலே வர வேண்டும். அர்ச்சனையும் வேண்டிக்கொண்டவர் பெயருக்குக் கிடையாது, தோள் கொடுத்தவர் பெயருக்குத்தான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் “நான் வேணா வாங்கிக்கிறேம்மா” என்று கை நீட்டினார். பூசாரி தடுத்தார்.

“வழியில யாராச்சும் கேட்டாகளாம்மா?”

பொய் சொல்ல நினைத்தேன். சன்னதியில் வாய் வரவில்லை. “கேட்டா. மூணு தடவை” என்றேன்.

“அப்ப அவுகதான் சுமக்கணும். பன்னெண்டு மணிக்கு அபிஷேகம். விட்டா அடுத்த கார்த்திகைதான்.”

மணி 11.20. குடத்தோடு இறங்க ஆரம்பித்தேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் உடைந்த கால் பேசும் என்பது அன்று தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் ஊன்றி, கம்பியைப் பிடித்து, தண்ணீர் தளும்பாமல் இறங்கினேன். அவள் கோபித்துக்கொண்டு கீழே போயிருந்தால் என்ன செய்வது? அபிஷேகத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

செல்வி போகவில்லை. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து மேலே ஓடி வந்தாள். “என்ன மதினி, கால் வலிக்குதா? எதுக்கு எறங்குறீக? கூப்பிட்டா வரமாட்டனா?”

“தோள் கொடுடி” என்றேன்.

என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். எட்டு மாதம் பிடித்த கைதான். கூச்சமில்லாமல் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. ஏறும்போதே விஷயத்தைச் சொல்லி முடித்தேன். “அதான பாத்தேன், நீங்களாவது எறங்கி வர்றதாவது!” என்று சிரித்தாள்.

11.55க்கு மறுபடி உச்சி. பூசாரி குடத்தை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். தோள் கொடுத்தவருடைய விவரத்தைக் குடம் கொண்டுவந்தவர்தான் சொல்ல வேண்டுமாம்.

“பேரு?”

“செல்வி.”

“நட்சத்திரம்?”

எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவளுக்கு எந்தக் கலர் பிடிக்காது என்று தெரியும், அவள் வைக்கும் ரசத்தில் உப்பு கூடும் என்று தெரியும். நட்சத்திரம் தெரியாது. நான் விழிப்பதைப் பார்த்துச் செல்வியே மெதுவாக என் காதில் சொன்னாள். நான் உரக்கச் சொன்னேன். தண்ணீர் வேலப்பர் தலையில் விழுந்தது.

தீபாராதனை முடிந்ததும் செல்வி பூசாரியிடம், “சாமி, எங்க மதினி பேருக்கும் ஒண்ணு பண்ணிருங்க” என்று, கேள்விக்குக் காத்திராமல் மடமடவென்று ஒப்பித்தாள்: “ரேவதி நட்சத்திரம், மீன ராசி, எடது காலு.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நல்லாக் கேட்டீக போங்க. எட்டு மாசமா வெள்ளிக்கெழம தவறாம நம்ம தெருப் பிள்ளையார் கோயில்ல சொல்லிக்கிட்டுல்ல இருக்கேன்?”

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளிடம் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. அன்று சொன்னேன். “சும்மா இருங்க மதினி, எல்லாரும் பாக்குறாக” என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஒன்றரைக்குச் சிக்கந்தர் வந்து, “கதை மிச்சத்தச் சொல்லவா யக்கா?” என்றார். “வேண்டாம்ப்பா, மேலேயே முடிஞ்சிருச்சு” என்றேன். வழியில் ஒரு தோட்டத்தில் நிறுத்திக் கிலோ 70 ரூபாய்க்குப் பன்னீர் திராட்சை வாங்கிக் கொடுத்தார். கம்பத்தில் சாப்பாடு 90 ரூபாய், இரவு 8 மணிக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று மட்டும்தான் குடம் எடுக்கிறார்கள். பத்து மணிக்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள், அப்புறம் பாறை சுடும். குடிக்கத் தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. டாக்டர் கனம் தூக்காதே என்றால் தூக்காதீர்கள், நான் செய்தது தப்பு. ஆட்டோக்காரர் கதை சொன்னால் போனை வைக்கச் சொல்லி முழுசாகக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. கூட வருகிறவருடைய நட்சத்திரத்தைக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செல்விக்கு அனுஷம்.