ஒரு வாசலில் மட்டும் நின்ற ஸ்கூட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. இடம், திருகோணமலையிலிருந்து குச்சவெளி பஸ் போகும் பாதையில் ஒரு மீன்பிடிக் கிராமம். ஊரின் பெயரை எழுதமாட்டேன். ஏன் என்று போகப்போகப் புரியும்.

அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தேன். சும்மா இருக்க ஏலாத ஆள் நான். எங்கள் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு எச்.பி.வி. வைரஸ் தொற்று இருக்கிறது என்று அறியும் கணக்கெடுப்பு ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் அந்த வைரஸ்தான்.

மாதர் சங்கக் கட்டடத்தில் பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். நான் படித்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"இது கனபேருக்கு வாறது. அநேகமாத் தானாவே போயிடும். போகாமல் நிண்டாத்தான் கவனிக்கவேணும்."

முன்வரிசைக் கதிரையில் இருந்தவர் சம்மாட்டி வீட்டு அக்கா. ஊரில் நாலு படகு வைத்திருப்பவரின் மனைவி. "பிள்ளை, கொஞ்சம் மூச்சு விட்டுக் கதையுங்கோ. எங்களுக்கு முதல் உங்களைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டி வரும்" என்றார். கட்டடமே சிரித்தது. இவருடைய வாயில் மட்டும் விழக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக்கான மாதிரியை எல்லோரும் தாங்களே எடுத்துத் தந்தார்கள். இரகசியம் காப்பதில் எனக்கு ஒரே பெருமை. பெயருக்குப் பதிலாக இலக்கம், கடதாசிகள் பூட்டிய அலுமாரிக்குள், அதன் திறப்பு என் கழுத்துச் சங்கிலியில்.

முடிவுகள் வந்தன. பதினைந்து பேருக்கு ஒன்றுமில்லை என்று தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. ஒருவருக்குத் தொற்று இருந்தது. கருவாடு போடும் அக்கா, முப்பத்தெட்டு வயது. இதைப் போனில் சொல்வது சரியில்லை என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். குசினிக்குள் அடுப்படியில் அவரோடு இருந்து மெல்லிய குரலில் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "ஆரிட்ட இருந்து வந்தது?" என்பதுதான்.

"அது ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. வருசக்கணக்காச் சத்தமில்லாமல் இருக்கும். இதை வச்சு ஒருத்தரிலும் பிழை சொல்ல ஏலாது. வாற கிழமை ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டினால் போதும்."

ஓம் என்று தலையாட்டினார். நல்ல வேலை செய்த நிம்மதியோடு திரும்பினேன்.

அடுத்த நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, நான் வரமாட்டன். என்ர மனுசனுக்குச் சொல்லிட்டன், அவருக்கு விளங்குது. ஆனா கரையில எல்லாரும் அவரைக் கேக்கினமாம், ஏன் அந்தப் பிள்ளை உங்கட வீட்டுக்கு மட்டும் வந்ததெண்டு. நான் ஆஸ்பத்திரிக்கும் போனால், பிறகு என்னெண்டு இந்த ஊரில தலை நிமிருறது?"

அப்போதுதான் உறைத்தது. கடதாசியைப் பூட்டி வைத்த நான், ஸ்கூட்டியை ஊரெல்லாம் பார்க்க ஒரு வாசலில் மட்டும் முக்கால் மணித்தியாலம் நிறுத்தியிருக்கிறேன். அவர் போகாமல் விட்டு, உள்ளே இருப்பது வளர்ந்தால்?

அன்று பின்னேரமே மறுபடி ஊருக்கு ஓடினேன். கருவாட்டு அக்கா வீட்டு வேலிக்கு வெளியே நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, நான் பயந்த அதே சம்மாட்டி அக்கா மறித்தார்.

"கனபேருக்கு வாறதெண்டு சொன்னனீங்கள்தானே?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தனீங்கள்?"

யாருக்கு, என்ன என்று அவர் கேட்கவே இல்லை. "நாளைக்கு வாங்கோ. பதினாறு வீட்டுக்கும் போங்கோ. எல்லா வீட்டிலயும் முக்கால் மணித்தியாலம் இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. மற்றதை நான் பாக்கிறன்."

ஒரு நாளில் முடியவில்லை. இரண்டு நாள் பிடித்தது. பதினாறு தேத்தண்ணி குடித்தேன். ஏழாவது வீட்டில் தேத்தண்ணி போதும் என்று கெஞ்சிப் பார்த்தேன். "சம்மாட்டி அக்கா கேப்பா" என்று சொல்லி, கையில் கோப்பையைத் திணித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், சம்மாட்டி அக்கா ஒழுங்கு செய்த மீன் லொறி ஒன்று வந்து நின்றது. கருவாட்டு அக்காவின் கணவர் அதை மூன்று தரம் கழுவியிருந்தாராம்; மணம் போகவில்லை. பதினாறு பேரும் ஏறினார்கள், வரமாட்டேன் என்ற கருவாட்டு அக்காவும்தான். ஊருக்குப் பொறுப்பான மிட்வைஃப் மிஸ்ஸிடம் நான் முதலிலேயே கெஞ்சி வைத்திருந்தேன். மற்றவர்களுக்கு பிரஷர், சுகர் பார்ப்பதாக ஏற்பாடு.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒருவரும் கால் மணித்தியாலத்துக்கு முன் வெளியே வரவில்லை. தன் முறை வந்தபோது சம்மாட்டி அக்கா உள்ளே இருந்து தாதிக்குச் சுறா வறை சமைக்கும் விதம் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே வரிசை முழுக்கக் கேட்டது. எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ கருவாட்டு அக்கா போய் வந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவருக்காகப் பிடித்து வைத்த கதிரையிலிருந்து கையை மட்டும் எடுத்தார்.

பரிசோதனையில் கருப்பைக் கழுத்தில் சின்ன மாற்றம் ஒன்று தெரிந்தது. நேரத்தோடு சிகிச்சை செய்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ, ஊர்ப் பேரைப் போடாதேங்கோ" என்று சொல்லி, ஒரு பை கட்டா மீன் கருவாடும் தந்துவிட்டார்.

'கனபேருக்கு வாறது' என்று நான் ஒரே மூச்சில் சொன்னேன். அதைத் தங்களுக்கும் வந்தது போல ஏற்றுக்கொண்டு லொறி ஏறியவர்கள் அந்தப் பதினைந்து பேர். இன்றைக்கும் ஏதாவது ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவேண்டியிருந்தால், பக்கத்து வீடுகளிலும் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுக்கிறேன்.