டிமைஸ் என்ற சொல்லும் அக்காவின் பிளாட்டும்

எங்கள் கட்டடத்தில் ஒன்பது பிளாட்டுகள். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஒன்பது வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி வைத்திருக்கிறோம். கட்டடமும் அது நிற்கும் நிலமும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம். நான் அதன் இயக்குநர்களில் ஒருவன். கேட்கப் பெரிதாக இருக்கும். மாடிப்படியில் பல்ப் எரியாவிட்டால் என் கதவைத்தான் தட்டுவார்கள் என்பதைத் தவிர அதில் வேறு பெருமை கிடையாது. ஆனாலும் எனக்கு விதிகள் பிடிக்கும். படிக்கட்டில் யாராவது சைக்கிளைச் சாத்திவைத்தால் அன்றைக்கே கடிதம் எழுதிவிடுவேன். "உங்களிட்டை ஒரு நாட்டைக் குடுத்திருக்கலாம், அநியாயமாப் போச்சு" என்பாள் மனைவி.

எங்களுக்கு நேர் கீழே இருந்த பிளாட் விற்பனைக்கு வந்தபோது எனக்கு அக்காவின் நினைவுதான் முதலில் வந்தது. அத்தான் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஹரோவுக்குச் சற்று அப்பால் ஒரு புதுக் குடியிருப்பில், நான்கு அறை வீட்டில் அக்கா தனியே இருந்தார். எங்களிடமிருந்து ரயில் மாறி மாறிப் போக ஒன்றரை மணி நேரமாகும். அதற்கு முந்திய பனிக்காலத்தில் அவருடைய வீட்டைச் சூடாக்கும் பொய்லர் நின்றுபோய், இரண்டு நாள் ஒருவரிடமும் சொல்லாமல் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வேறு எதற்கோ போன் எடுத்தபோது பல் கிட்டிய குரலில் "ஒண்டுமில்லை, கொஞ்சம் குளிராக் கிடக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அவர் எப்படியாவது எங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் வீடு வேறு வகையானது. நிலம், சுவர், கூரை எல்லாம் அவர் பெயரில். ஆனால் குடியிருப்பின் உள்தெருவும் புல்வெளியும் மரங்களும் ஒரு நிர்வாகக் கம்பெனியின் பொறுப்பு. வீடு வாங்கும்போதே அவர்களுடைய விதிகளுக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். முன்கதவு கரும்பச்சையாகத்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் வேலி கூடாது. காயப்போட்ட உடுப்புகள் தெருவில் போகிறவர் கண்ணில் படக் கூடாது. அத்தான் ஒருமுறை ஆசைப்பட்டுக் கதவுக்குச் சிவப்படித்தார். கடிதம் வந்தது. ஒரு கிழமைக்குள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மறுபடி பச்சை அடித்தார். அங்கே வீடு முழுக்க உங்களுடையது, அதன் முகம் மட்டும் ஊருக்குச் சொந்தம். எங்கள் பிளாட்டுகளில் உள்ளே எந்த நிறமும் அடிக்கலாம், ஆனால் சுவரே உங்களுடையதல்ல.

இதை அக்காவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சுவரிலை பூசியிருக்கிற பூச்சு உங்கடை. அதுக்குப் பின்னாலை இருக்கிற கல்லு கம்பெனியின்ரை" என்றேன்.

"அப்ப நான் சாமிப்படம் கொழுவ ஆணி அடிச்சா, ஆணி ஆற்றை?"

"அரைவாசி உங்கடை."

"நீ இதுக்கோ இயக்குநர்?"

ஆனால் பிளாட்டைப் பார்க்க வந்தபோது அவருக்குப் பிடித்துப்போயிற்று. குசினி ஜன்னலால் சமையல் மேடைக்கு வெயில் வந்தது. பஸ் வாசலிலேயே நிற்கும். தமிழ்க் கடை தெருமுனையில். வாங்கும் வேலையை வழக்கறிஞரிடம் கொடுத்தாயிற்று, அவரும் லீஸ் பத்திரத்தின், அதாவது பிளாட்டைக் கம்பெனியிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கும் பத்திரத்தின், பிரதியை அக்காவுக்கு அனுப்பிவைத்தார். அங்கேதான் வந்தது வினை. இந்த நகரத்தில் லீஸ் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தவர் என் அக்கா ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் போன் வந்தது.

"தம்பி, எனக்கு அந்த வீடு வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"அதுக்குள்ளை ஆரோ செத்திருக்கினம். பத்திரத்திலையே எழுதியிருக்கு. ஒருக்கால் இல்லை, பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கு."

அக்கா சொன்னது, வீட்டைக் குறிக்கப் பத்திரம் முழுக்க வரும் 'டிமைஸ்ட் பிரெமிசஸ்' என்ற சொல்லை. எங்கள் ஊரில் ஓர் அரச அலுவலகத்தில் அக்கா பல வருடம் டைப்பிஸ்டாக இருந்தவர். யாராவது உத்தியோகத்தரின் தாயோ தகப்பனோ இறந்துவிட்டால் அனுதாபக் கடிதம் அடிப்பது அவருடைய வேலை. அதில் 'டிமைஸ்' என்ற சொல் கட்டாயம் இருக்கும். எத்தனை தாய்மாரின் டிமைஸை அந்த விரல்கள் அடித்திருக்குமோ. அக்காவின் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மரணம் என்ற ஒரே அர்த்தம்தான். ஆக, பத்திரத்தின்படி நான் அவருக்கு வாங்கிக்கொடுக்கப் பார்த்தது ஒரு செத்த வீடு. எங்கள் ஊரில் இழவு வீட்டை அப்படித்தான் சொல்வோம்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு "அக்கா" என்று கூப்பிட்டபோது மறுபக்கத்தில் போன் வைக்கப்பட்டிருந்தது. பிறகு எடுத்தால் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் எடுக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

சனிக்கிழமை காலையில் ஹரோவுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு அக்கா நேரே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டார். நான் என் இயக்குநர் குரலில், அது வெறும் சட்டச் சொல், சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் பயப்பிடுறன் எண்டு நினைக்கிறியோ? பேய்க்குப் பயப்பிடுற வயசோ எனக்கு?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் மூண்டு வருசமாச் செத்தவீட்டுக்குள்ளைதான் இருக்கிறன். சனமெல்லாம் எழும்பிப் போனாப் பிறகும் நான் மட்டும் இருக்கிறன். இதை விட்டிட்டு இன்னொரு செத்தவீட்டுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு போறாய்?"

நான் சிரித்த சிரிப்பை நினைக்க வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அக்கா பிஸ்கற்றை என் பக்கம் தள்ளிவைத்தார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன், வழக்கறிஞரை நேரில் பார்த்துக் கேட்போம், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றேன். அதற்குத் தலையாட்டினார்.

வழக்கறிஞர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண். அக்கா கேட்ட கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"இல்ல ஆன்ட்டி, சட்டத்துல டிமைஸ்னா ஒப்படைக்கிறது. ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கைக்குப் போறது. அந்தக் காலத்துல ராஜா செத்தா ராஜ்யம் அடுத்தவர் கைக்குப் போகும் இல்லையா, அதுக்கும் இதே வார்த்தைதான். சாவுங்கிற அர்த்தம் அப்புறம் வந்து ஒட்டிக்கிச்சு."

அக்கா யோசித்தார். "அப்ப இந்த வீட்டை என்னட்டை ஒப்படைக்கினம்."

"ஆமா. ஒப்படைச்சிட்டு அப்படியே விட்டுட மாட்டாங்க. நீங்க செய்ய வேண்டியதும் எழுதியிருக்கு, மத்த எட்டுப் பேர் உங்களுக்குச் செய்ய வேண்டியதும் எழுதியிருக்கு."

"எனக்கு ஒண்டு எண்டா வந்து பாக்கோணும் எண்டு எழுதியிருக்கோ?"

"அப்படி இல்ல ஆன்ட்டி. கூரை, படிக்கட்டு, தண்ணிக் குழாய், இதெல்லாம்."

"கூரைக்கு வாற சனம் எனக்கு வராதோ?" என்று சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். அத்தானின் செத்தவீட்டுக்கு வந்தவர்களின் கார்கள் உள்தெருவில் நின்றதற்காக, 'அன்புள்ள வீட்டு உரிமையாளருக்கு' என்று தொடங்கி நிர்வாகக் கம்பெனியிடமிருந்து வந்த ஒரு கடிதத்தை அவர் அன்று முதல்முறையாக எங்களுக்குச் சொன்னார். அத்தானின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்றைக்கு வந்ததாம். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ பட்டனை அழுத்தியிருப்பார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும் என்றார். பிறகு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கை பிள்ளை கையெழுத்து வைக்கோணும்?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி அக்கா குடிவந்தார். எனக்கு மட்டும் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. எங்கள் லீஸில் ஒரு விதி, மேல் வீட்டுக்காரர் தரையெல்லாம் கார்ப்பெட் போட வேண்டும், கீழே உள்ளவருக்குச் சத்தம் கேட்கக் கூடாது. நான் வந்த புதிதில் அழகுக்காகக் கார்ப்பெட்டைக் கழற்றி மரத்தரை போட்டவன். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுகிற இயக்குநர் செய்த காரியம் அது. கீழே முன்பு இருந்தவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். இப்போது இருப்பது அக்கா. அடுத்த கிழமை கார்ப்பெட் போட ஆளுக்குச் சொல்லியாயிற்று.

குடிவந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீழே போனேன். அக்கா அப்போதுதான் எழும்பியிருந்தார், தலைகூட வாரவில்லை. அவர் ஐந்து மணிக்கே எழும்பிவிடுகிறவர். எனக்கு வருத்தமாகிவிட்டது.

"நான் நடந்த சத்தத்திலை நித்திரை குழம்பிட்டுதோ? வாற கிழமை கார்ப்பெட் போட்டிடுவன்" என்றேன்.

"ஓம், ஆறு மணிக்கு நீ குசினிக்குள்ளை நடந்தது கேட்டது. தேத்தண்ணிக்குக் கேத்தில் வைச்சதும் கேட்டது" என்றார் அக்கா. "மேலை ஆள் எழும்பியிட்டுது எண்டு நினைச்சன். திரும்பப் படுத்திட்டன். அத்தான் போனாப் பிறகு இண்டைக்குத்தான் இப்பிடிப் படுத்தனான். கார்ப்பெட் ஒண்டும் வேண்டாம்."

மேலே வந்து கார்ப்பெட்காரருக்குப் போன் எடுத்து, வர வேண்டாம் என்று சொன்னேன்.