சிஸ்டர் போட்ட கோடு

சிஸ்டர் குனிந்து குழந்தையின் தொப்புளை முகர்கிறார். தொப்புளுக்கும் மூக்குக்கும் நடுவே நாலு விரற்கடை இடம். கண்ணை மூடிக்கொள்கிறார். பெற்றவள் மூச்சுவிட மறந்து நிற்கிறாள். பிறந்து பத்து நாளான குழந்தை, யாருக்கோ வந்த விருந்து என்பதுபோல் கொட்டாவி விடுகிறது.

நான் இந்த கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவன். கட்டுப்போடும் அறை என் மேஜைக்கு நேரெதிரே. கதவின் கீல் போய் நாலு வருஷமாகிறது, சாத்த முடியாது. அதனால் சிஸ்டரைப் பற்றி எனக்குத் தெரியாதது அவர் வயசு மட்டும்தான். ஒருமுறை கேட்டேன். "உன் வேலையப் பாரு," என்றார்.

"பவுடர் போட்டியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்.

"கொஞ்சம்தான் சிஸ்டர். ஈரமா இருந்துச்சேன்னு..."

"தொப்புள்ல பவுடரா? கேரம்போர்டுன்னு நெனச்சியா?"

பெற்றவள் அழுதுவிடுவாள். எல்லாரும் அழுவார்கள். உடனே சிஸ்டர், "சரி சரி, நீ அழுதா அவனுக்குப் பால் குடுக்கறது யாரு?" என்று குரலை இறக்கிவிடுவார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மருந்துநீரில் பஞ்சை நனைத்து, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சாக தொப்புளில் கோத்திருக்கும் சீழைத் துடைத்து எடுப்பார். அப்போது அவர் வாய் பேசாது. அதிசயம்தான்.

டாக்டர் பார்த்து மருந்து எழுதிய பிறகு, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தால் பேனா வெளியே வரும். மூடியைப் பல்லால் கழற்றிக் கடித்துக்கொண்டு, சிவப்பு முடிகிற இடத்தில் நீலக் கோடு போடுவார். எங்களுக்குள் அவருக்கு 'மூடி சிஸ்டர்' என்று பெயர். கை லேசாக நடுங்கும். வட்டம் போடப் போய் உருளைக்கிழங்குதான் வரும். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டிச்சு, பால் குடிக்கல, உடம்பு சுட்டுச்சு, எது நடந்தாலும் விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி," என்பார். மூடியைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தக் குழந்தை தேறும்வரை பேனாவுக்கு மூடி கிடையாது. அவர் சட்டைப்பை முழுக்க நீலக்கறை.

போன மாதம் வந்த குழந்தையின் அப்பா, வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். சிஸ்டர் கோடு போடுவதை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். தொழில்காரர், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் கதவு திறக்குமுன் வந்துவிட்டார்கள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு நூல்கூடத் தாண்டல சிஸ்டர்!"

சிஸ்டர் துணியை விலக்கினார். தொப்புளைச் சுற்றி அச்சடித்ததுபோல் ஒரு வட்டம். சிவப்பு அதற்குள் அடக்கமாக இருந்தது.

"இது என் கோடு இல்லயே."

"ஈரத்துணியால துடைக்கறப்ப அழிஞ்சிருச்சு சிஸ்டர். அதான் காலைல நானே போட்டுட்டேன்."

"எந்த இடத்துல போட்டப்பா?"

"நீங்க போட்ட மாதிரிதான். சிவப்பு எங்க முடியுதோ, அங்க."

சிஸ்டர் வட்டத்தின்மேல் விரலை வைத்து அளந்தார். சிவப்பு நேற்று இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. திட்டப்போகிறார் என்று நான் டோக்கன் கட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். அவரோ குழந்தையின் நெற்றியைத் தொட்டார். "கடைசியா எப்பம்மா பால் குடிச்சான்?" என்று கேட்டார். பெற்றவள் யோசித்தாள். அவள் யோசித்து முடிக்கும்முன் சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆம்புலன்சில் அவரும் ஏறிக்கொண்டார். ஒரு காலில் செருப்பு இல்லை. அது கட்டுப்போடும் அறை வாசலிலேயே கிடந்தது. நான் எடுத்து என் மேஜைக்கடியில் வைத்தேன்.

பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி. முதல் மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்களாம். அந்த மூன்று நாளும் சிஸ்டர் எந்தக் குழந்தையின் அம்மாவையும் திட்டி நான் கேட்கவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. திட்டாவது வாங்கலாமென்று நானே போய் வயசைக் கேட்டேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று வந்தார்கள். சிஸ்டர் குனிந்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார். தொப்புள் காய்ந்து சுருங்கியிருந்தது.

"பால் வாசன," என்றார்.

அப்பாக்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். "சிஸ்டர், அன்னிக்கு நான்..."

"அழிஞ்சா என்ன செய்யணும்னு நான் சொல்லிருக்கணும்ப்பா," என்று சொல்லி, பையிலிருந்து பேனாவையும் மூடியையும் எடுத்தார். பேனா ஒரு பக்கம் போனது, மூடி ஒரு பக்கம் போனது. மூன்றாவது தடவையும் வழுக்கியது. நம்பர் பிளேட்காரர் கிட்டே வந்து பேனாவை ஆடாமல் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் மூடினார்.